ராயரா, சீசரா? நாகர்கோவிலில் ஆறு சனிக்கிழமை மாலைகள்

தொடக்க கால ரோமப் பேரரசர்களையும் கிறிஸ்தவத்தின் தோற்றத்தையும் சேர்த்துப் படிப்பதற்கான ஆறு வார வகுப்பு ஒன்று, நாகர்கோவிலில் ஓர் ஆலயத்தை ஒட்டிய சிறு மண்டபத்தில் அண்மையில் நடந்தது. கட்டணம் 600 ரூபாய். கையேடும் அதில் அடக்கம். ஆறு சனிக்கிழமைகளும் தவறாமல் சென்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது, பெயர்களுக்காக ஆசிரியர் எடுத்துக்கொண்ட சிரமத்தை. நம் மாவட்டத்துச் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்டு) வீடுகளில் வாசிக்கப்படும் பழைய வேதாகமம் ரோமப் பேரரசரை ‘இராயன்’ என்கிறது. கத்தோலிக்க வீடுகளில் உள்ள பொது மொழிபெயர்ப்பு ‘சீசர்’ என்கிறது. லூக்கா 2ஆம் அதிகாரத்தில் குடிமதிப்பு எழுதக் கட்டளையிடும் அகுஸ்துராயனைச் சிறுவயதில் நான் கிருஷ்ணதேவராயரின் முன்னோர் என்றே நினைத்திருந்தேன். ஆசிரியர் முதல் நாளே கரும்பலகையை மூன்றாகப் பிரித்து, அகுஸ்துராயன், அகுஸ்து சீசர், வரலாற்று நூல்கள் வழங்கும் அகஸ்டஸ் என்ற மூன்று வடிவங்களையும் அருகருகே எழுதி, கீழே கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை என்று ஆட்சிக் காலத்தையும் குறித்தார். திபேரியு (14–37), காலிகுலா (37–41), கிலவுதியு (41–54), நீரோ (54–68) என்று வாரந்தோறும் அந்தப் பட்டியல் வளர்ந்தது. போஞ்சு பிலாத்து என்றும் பொந்தியு பிலாத்து என்றும் இரு சபையாரும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்லிவரும், இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த ரோம ஆளுநரின் பெயர், 1961இல் இஸ்ரேலின் செசரியாவில் கண்டெடுக்கப்பட்ட கல்லில் திபேரியுவின் பெயரோடு சேர்ந்து நிற்பதைப் படத்தில் காட்டியபோது மண்டபத்தில் சிறு சலசலப்பே எழுந்தது.

இரண்டாம் வாரம் திபேரியுவின் தெனாரியம் என்ற ரோம வெள்ளிக்காசின் நகல் ஒன்று கைக்குக் கை மாறி வந்தது. நம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. ஒரு பக்கம் மாலை சூடிய தலை. சுற்றிலும், தெய்வமாக்கப்பட்ட அகஸ்டஸின் மகன் என்று சுருக்கிய சொற்களில் பொறிப்பு. மறுபக்கம் அமர்ந்த நிலையில் ஒரு பெண் உருவம். இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது இயேசுவிடம் நீட்டப்பட்ட வரிக்காசு இவ்வகையாக இருந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. அதிலுள்ள ‘சுரூபமும் மேலெழுத்தும்’ (உருவமும் எழுத்தும்) யாருடையவை என்று அவர் திருப்பிக் கேட்ட கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பது, அந்த எழுத்துகளை நகத்தால் தடவிப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. இதே பேரரசரின் காசுகள் கோயம்புத்தூர் வட்டாரத்தில் புதையல்களாகக் கிடைத்திருக்கின்றன என்ற செய்தியையும் ஆசிரியர் மறக்காமல் சேர்த்தார்.

நீரோவின் வாரமும் சிறப்பாகவே இருந்தது. ரோம ஆளுநர் பெஸ்துவின் முன் நின்று பவுல் இராயனுக்கு அபயமிட்டாரே (மேல்முறையீடு செய்தாரே), அந்த இராயன் யார் என்று ஆசிரியர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. 64இல் ரோமாபுரி எரிந்தபின் கிறிஸ்தவர்கள்மீது பழி போட்டதாக ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் எழுதும் அதே நீரோதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கையேட்டின் அட்டையில் நீரோவின் முகத்துக்குப் பின்னால் கொலோசியம் அச்சிடப்பட்டுள்ளது. நீரோ இறந்தது 68இல். பின்னால் வந்த பேரரசர் வெஸ்பாசியன் கட்டத் தொடங்கிய அந்த அரங்கம் அவர் மகன் தீத்துவின் காலத்தில், 80இல்தான் திறக்கப்பட்டது. பெயர்களில் இத்தனை கவனம் காட்டியவர்கள் அட்டையில் கோட்டைவிட்டது வருத்தமே. அதைவிடப் பெரிய குறை, பிற்காலப் பேரரசர் டிராஜனுக்குக் கால் மணி நேரம் மட்டுமே ஒதுக்கியது. இன்றைய துருக்கியில் இருந்த பித்தினியாவின் ஆளுநரான இளைய பிளினி ஏறத்தாழ 112இல் அவருக்கு எழுதிய கடிதம் கிறிஸ்தவர் அல்லாத ஒருவரின் கையிலிருந்து வந்த அரிய சாட்சி: விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று விசாரணையில் தெரிந்ததை அவர் அறிவிக்கிறார். அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம், பெயரில்லாத மொட்டைக் கடிதங்களை ஏற்க வேண்டாம், ஆனால் குற்றம் நிரூபணமானால் தண்டிக்க வேண்டும் என்பது டிராஜனின் பதில். இந்த இரண்டு கடிதங்களை வைத்தே ஒரு மாலை முழுவதையும் நடத்தியிருக்கலாம்.

கடைசி நாள் கேள்வி நேரத்தை இயேசுவின் சீடர் தோமாவும், அவர் கட்டியதாகச் சொல்லப்படும் திருவிதாங்கோடு அரைப்பள்ளி ஆலயமும் விழுங்கிவிட்டன. அதை மரபுச் செய்தி என்று ஆசிரியர் நிதானமாகச் சொன்னது சரியே. ஆனால் அந்த முதல் நூற்றாண்டிலேயே கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல்வழிக் குறிப்பான பெரிப்ளஸ், நம் குமரி முனையைத் துறைமுகத்தோடும், அங்கே விரதமிருந்து நீராட வருவோரோடும் சேர்த்துப் பேசுகிறது. குமரியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் நடந்த வகுப்பில் அது ஒரு வரிகூட வராமல் போனதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மற்றபடி 600 ரூபாய்க்கு வஞ்சகமில்லை. அடுத்த சுற்றில் சேர விரும்புவோர் கவனிக்க: சாய்மானம் இல்லாத பெஞ்சுகள்தான், ஏழரைக்கு முடியும் என்று சொன்னாலும் எட்டேகால் ஆகிவிடும். தக்கலைப் பக்கம் போகிறவர்கள் வாசலருகே உட்காருவது நல்லது.