பில்லில் 'சிந்தெற்றிக்', கியர் பெட்டிக்குள் வேறு ஒயில்

கனடாவின் அல்பேர்ட்டாவில் ஓட்டோமற்றிக் கியர் லொறி வைத்திருக்கும் நம்மவர்கள் குளிர் தொடங்குமுன் இதைப் படித்துவிடுங்கள். எட்மன்டனில் ஒரு கராஜில் கியர் பெட்டி ஒயில் மாற்றக் கொடுத்தேன். கடும் குளிரிலும் ஓடும் சிந்தெற்றிக் (செயற்கை) ஒயிலுக்குக் காசு கட்டினேன். அவர்கள் ஊற்றியது கச்சா எண்ணெயில் இருந்து வடிக்கும் மலிவான மினரல் ஒயில். மூன்று மாதம் கழித்து மைனஸ் 40 குளிரில் ஹைவே 63 ஓரத்தில் லொறி படுத்துவிட்டது. வழக்கு நடப்பதால் கராஜின் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என்னுடையது அலிசன் 2000 வரிசைக் கியர் பெட்டி பூட்டிய ஐந்து தொன் பெட்டி லொறி. வாரம் இரண்டு தடவை எட்மன்டனில் இருந்து போர்ட் மக்மரிக்குச் சாமான் ஏற்றுவேன். போக மட்டும் 430 கிலோமீற்றருக்கு மேல். 2023 ஒக்டோபரில் ஒயிலும் ஃபில்டரும் மாற்றும் முறை வந்தது. வழக்கமாகப் போகும் இடத்தில் இரண்டு கிழமை காத்திருக்கச் சொன்னார்கள். அதனால் ஒரு நண்பர் சொன்ன கராஜுக்குப் போனேன். நடத்துபவர் தமிழர். "வாங்கோ அண்ணை" என்று கூப்பிட்டுத் தேநீரும் தந்தார்.

நான் தெளிவாகவே சொன்னேன்: "தம்பி, இதுக்கு டி.ஈ.எஸ். 295 அல்லது 668 அங்கீகாரம் இருக்கிற ஒயில்தான் வேணும். நான் வடக்கே ஓடுறனான்." (டி.ஈ.எஸ். என்பது அலிசன் கொம்பனி தன் கியர் பெட்டி ஒயிலுக்கு வைத்திருக்கும் தரம்.) அவர் "தெரியும் அண்ணை, நீங்கள் யோசிக்காதேங்கோ, சிந்தெற்றிக்தான் விடுவம்" என்றார். பில்லில் 'சிந்தெற்றிக் ஏ.டி.எஃப்.' (ஓட்டோமற்றிக் கியர் ஒயில்) என்று ஒரு வரி, பக்கத்தில் லீற்றர் கணக்கு. என்ன பிராண்ட், எந்த அங்கீகாரம் என்று ஒன்றும் இல்லை. தமிழில் கதைத்து முடித்த வேலை என்பதால் நானும் அந்த வரியைத் தோண்டிக் கேட்கவில்லை. அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக, தெளிவாக இருந்தது. திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

அந்தச் சிவப்பு வெறும் சாயம். ஒழுகினால் இஞ்சின் ஒயிலா கியர் ஒயிலா என்று பிரித்தறியப் போடுவது. மலிவான ஒயிலும் சிவப்பு, விலையுயர்ந்ததும் சிவப்பு. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

2023 டிசம்பர் எப்படி இருந்தது என்பது இங்கே இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். நத்தாருக்குக்கூடப் புல் தெரிந்தது. அந்த மிதமான காலநிலையில் எந்த ஒயிலும் நல்ல ஒயில் போலத்தான் ஓடும். ஜனவரி இரண்டாவது கிழமையில் குளிர் ஒரேயடியாக இறங்கியது. 11ஆம் திகதி காலை கியரை 'டி'யில் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. நாலைந்து விநாடி கழித்து 'டங்' என்று உதைத்துக்கொண்டு பிடித்தது. முந்தைய குளிர்காலங்களில் மைனஸ் 30க்குக் கீழேயும் இதே லொறியை எடுத்திருக்கிறேன், இப்படி ஒரு நாளும் உதைத்ததில்லை. கராஜுக்கு எடுத்துக் கேட்டேன். "குளிருக்கு எல்லா லொறியும் அப்படித்தான் அண்ணை" என்றார்.

13ஆம் திகதி சனிக்கிழமை. இஞ்சினைச் சுடவைக்கும் மின்சாரப் புளொக் ஹீற்றரை இரவு முழுக்கச் செருகி வைத்திருந்தேன், இஞ்சின் உடனே பிடித்தது. கால் மணி நேரம் ஓடவிட்டுக் கிளம்பினேன். வாண்டரிங் ரிவர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கியர் வழுக்குகிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஓரத்தில் நிறுத்தியதோடு சரி, அதன்பிறகு நகரவே இல்லை. அந்த இடத்துக்கு மேலே போர்ட் மக்மரி வரை பெரிதாக ஒன்றும் கிடையாது. இஞ்சின் நிற்காமல் ஓடியதால்தான் உள்ளே சூடு இருந்தது. இழுவை லொறி வர மூன்றரை மணி நேரம். இஞ்சினும் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அன்று மாலைதான் மாகாணம் முழுக்க எல்லாத் தொலைபேசியிலும் மின்சாரத் தட்டுப்பாட்டு அவசர அறிவிப்பு அலறியது. புளொக் ஹீற்றர் செருகுவதைக்கூடக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொன்னார்கள். அப்படிப்பட்ட குளிர் அது.

எட்மன்டனுக்கு இழுத்து வந்து, கியர் பெட்டி மட்டும் திருத்தும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் விட்டேன். ஒயிலை இறக்கினார், மணந்து பார்த்தார், இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். "இது நீ சொன்ன ஒயில் இல்லை" என்றார். கிளட்ச் தட்டுகள் கருகியிருந்தன.

அவர் செய்த ஒரு காரியத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டு ஜாம் போத்தல் எடுத்தார். ஒன்றில் என் பெட்டியில் இருந்து இறக்கியது, மற்றதில் சீல் உடைக்காத டி.ஈ.எஸ். 668 ஒயில். இரண்டையும் இரவு வெளியே படியில் வைத்தார். காலையில் இரண்டையும் சேர்த்துச் சரித்தார். புதியது மெதுவாக, ஆனால் ஓடி வந்தது. என்னுடையது போத்தலின் அடியில் அப்படியே சாய்ந்து நின்றது, பிறகு கருப்பட்டிப் பாகு மாதிரி இழுபட்டது. மூன்று மாதம் என் பம்ப் உறிஞ்சியது அதைத்தான்.

காரணத்தை அவர் விளக்கினார். மினரல் ஒயிலில் மெழுகு உண்டு. கடும் குளிரில் அது மணியாகத் திரண்டு ஒயிலைக் கட்டிப்போடும். கியர் பெட்டிப் பம்புக்குத் தடித்த ஒயிலை இழுக்க முடியாது, காற்றை இழுத்துவிடும். அழுத்தம் வரப் பிந்தும். அழுத்தம் இல்லாமல் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது, வழுக்கும், வழுக்கினால் எரியும். புளொக் ஹீற்றர் சுடவைப்பது இஞ்சினை. கியர் பெட்டியின் அடியில் ஒயில் நிற்கும் தட்டுக்கு அந்தச் சூடு போகாது. அதற்கென்று ஒட்டும் சூட்டுத் தட்டு தனியாக விற்கிறார்கள், இப்போது பூட்டியிருக்கிறேன்.

அலிசன் கையேட்டில் இதற்கு எல்லை எழுதியிருக்கிறது. டி.ஈ.எஸ். 295 சிந்தெற்றிக்குக்கு மைனஸ் 35, டி.ஈ.எஸ். 389 என்ற சாதாரண வகைக்கு மைனஸ் 25. அதற்குக் கீழே போனால் நியூட்ரலில் குறைந்தது 20 நிமிடம் ஓடவிட்டுத்தான் கியர் போட வேண்டும். நியாயமாகச் சொல்வதென்றால், 13ஆம் திகதிக் குளிர் நல்ல ஒயிலுக்கும் எல்லை தாண்டியது, நான் இன்னும் கொஞ்ச நேரம் சூடாக்கியிருக்க வேண்டும். கராஜ்காரரும் இதைத்தான் பிடித்துக்கொண்டார். ஆனால் 11ஆம் திகதி உதைத்ததற்கு அவரிடம் பதில் இல்லை.

மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன், 50 டொலருக்குள் முடிந்தது. ஒப்பிடப் புதிய ஒயிலிலும் ஒரு சிறு போத்தல் அனுப்பச் சொன்னார் மெக்கானிக், அது நல்ல யோசனை. அறிக்கையில் இரண்டின் சேர்மானங்களும் பொருந்தவில்லை, சூட்டுக்கும் குளிருக்கும் பாகுத்தன்மை மாறும் விதமும் பொருந்தவில்லை. அதைக் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் கராஜ்காரர் வாளியைக் காட்டினார். எல்லா வாகனத்துக்கும் என்று விற்கும் ஒயில். பின்பக்கம் பொடி எழுத்தில் இருபது பெயர். "பாருங்கோ அண்ணை, அலிசனுக்கும் பொருந்தும் எண்டு போட்டிருக்கு."

முழு ஏமாற்றும் அந்த 'பொருந்தும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. 'பொருந்தும்' என்பது விற்பவரின் சொல். 'அங்கீகரிக்கப்பட்டது' என்றால் அலிசன் சோதித்து ஒப்புதல் எண் கொடுத்திருக்கிறது, அதன் இணையப் பட்டியலில் அந்த ஒயிலின் பெயர் இருக்கும். அவருடைய வாளியின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதே வாளியில் 'டெக்ஸ்ரன் 3' என்று ஜெனரல் மோட்டர்ஸின் பழைய ஒயில் தரத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தது. ஜெனரல் மோட்டர்ஸ் டெக்ஸ்ரன் 3க்கு உரிமம் கொடுப்பதை 2006 முடிவோடு நிறுத்திவிட்டது. இன்றைக்கு அந்தப் பெயரோடு விற்கும் எந்தப் போத்தலுக்குப் பின்னாலும் அந்தக் கொம்பனியின் உரிமம் இல்லை.

இன்னொன்றிலும் ஏமாறாதீர்கள். கடைக்காரர் "மைனஸ் 45 வரைக்கும் உறையாது" என்று ஊற்றுநிலையைக் காட்டுவார். ஒயில் அசையும் கடைசிப் பாகைதான் அது, பம்ப் அதை இழுக்கும் என்று அர்த்தமில்லை. நீங்கள் கேட்க வேண்டியது மைனஸ் 40இல் புரூக்ஃபீல்ட் பாகுத்தன்மை, அதாவது அந்தக் குளிரில் ஒயில் எவ்வளவு தடிப்பு என்ற அளவு. ஒயில் கொம்பனி வெளியிடும் தரவுத்தாளில் ஏ.எஸ்.டி.எம். டி2983 என்ற சோதனைப் பெயரோடு இருக்கும். பழைய டெக்ஸ்ரன் 3க்கு அனுமதித்த உச்சம் 20,000 சென்றிபோய்ஸ் (தடிப்பை அளக்கும் அலகு), அதற்குப் பின் வந்த டெக்ஸ்ரன் 6க்கு 15,000. வீட்டுக்குள் இருக்கும் தேன் ஏறக்குறைய 10,000. அந்த எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தரவுத்தாளில் அந்த வரியே இல்லாத ஒயிலை நான் இனி வாங்கமாட்டேன்.

நான் சொல்வது அலிசன் பெட்டிக்கு. ஃபோர்ட் பத்து கியர் பெட்டி மெர்க்கன் யு.எல்.வி. என்ற ஒயிலைக் கேட்கும், வேறு பெட்டி வேறு கேட்கும், உங்கள் கையேட்டைப் பாருங்கள். நெடுந்தூரப் பெரிய லொறிகள் பலவற்றில் இருப்பது தானாகக் கியர் மாற்றும் மனுவல் பெட்டி, அதன் ஒயில் வேறு சாதி. டி.ஈ.எஸ். 295 கேட்கும் அலிசன் பெட்டிக்கு இப்போதைய 668ஐத் தாராளமாக விடலாம். தப்பான ஒயில் போயிருந்தால் ஒரு தடவை இறக்கி ஊற்றினால் போதாது. என் பெட்டியில் மொத்தம் 14 லீற்றர் அளவு, இறக்கும்போது வருவது சுமார் 10. மிச்சம் உள்ளேயே நிற்கும், கலந்துவிடும்.

திருத்த 8,700 டொலர், இழுவைக்கு 1,400, ஒன்பது நாள் ஓட்டம் இல்லை. கராஜ்காரர் ஒயில் காசு 310 டொலரைத் திருப்பித் தந்து "விடுங்கோ அண்ணை" என்றார். நான் விடவில்லை. வாகனத் திருத்தகங்களுக்கு உரிமம் கொடுக்கும் ஏ.எம்.வி.ஐ.சி.யில் முறைப்பாடு செய்தேன், அல்பேர்ட்டா நீதிமன்றத்தின் சிவில் பிரிவிலும் போட்டேன். 2023 ஓகஸ்டில் இருந்து 100,000 டொலர் வரை அங்கே கேட்கலாம். என் கையில் பலம் ஆய்வுகூட அறிக்கையும் அந்த பில்லும்தான். பில்லில் அங்கீகார எண் இருந்திருந்தால் வழக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும் என்று சொன்னார்கள்.

அதனால் இப்போது ஒயிலை நானே வாங்கிக்கொண்டு போகிறேன். போத்தலின் முன்பக்கமும் ஒப்புதல் எண்ணும் தெரியப் படம் எடுக்கிறேன், சீலை என் முன்னால் உடைக்கச் சொல்கிறேன், அந்த எண்ணையே பில்லில் எழுதச் சொல்கிறேன். இதற்கு முகம் சுளிக்கும் கராஜில் வேலை கொடுப்பதில்லை. உங்கள் கடைசி பில்லை எடுத்துப் பாருங்கள். வெறும் 'சிந்தெற்றிக்' என்று மட்டும் இருந்தால் குளிர் இறங்குமுன் ஒரு மாதிரி எடுத்து அனுப்பிவிடுங்கள்.

அந்த இரண்டு ஜாம் போத்தல்களும் என்னிடம்தான் இருக்கின்றன. எட்மன்டன் பக்கம் இருப்பவர்கள் யாருக்காவது சந்தேகம் இருந்தால் மைனஸ் 30 தாண்டும் ஒரு காலையில் வீட்டுக்கு வாருங்கள், சரித்துக் காட்டுகிறேன்.