ஜூனியர் பவுலிங் ஸ்குவாட்: மாதக் கட்டணத்தைத் தாண்டி எவ்வளவு ஆகும்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு டென்பின் பவுலிங் (பந்தை உருட்டிப் பத்து பின்களை வீழ்த்தும் ஆட்டம்) ஸ்குவாடில், அதாவது பயிற்சிக் குழுவில், என் மகள் ஒரு வருடத்துக்கு மேல் பயிற்சி எடுக்கிறாள். பெயர் வேண்டாம், ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறைகள் அந்த இடத்துக்கு மட்டும் உரியவை இல்லை.

மாதக் கட்டணம் 280 ரிங்கிட், வாரம் இரண்டு நாள். நீச்சல், பேட்மிண்டன் வகுப்புகளோடு பார்த்தால் பரவாயில்லை என்றுதான் தோன்றும். ஆனால் லேன், அதாவது பந்து உருளும் தடத்துக்கான கட்டணம் அதில் சேராது. ஸ்குவாட் பிள்ளைகளுக்கு ஓர் ஆட்டம் 6 ரிங்கிட், ஒரு நாளைக்கு ஆறேழு ஆட்டம் போடுவார்கள், மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் லேனுக்கே கோச் பணத்தைவிட அதிகம் போயிருக்கும். இதைச் சேரும்போதே தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன? கேட்டால்தான் சொல்கிறார்கள்.

அடுத்தது பந்து. இங்கேதான் பெற்றோர் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். ரியாக்டிவ் பால் (லேனைப் பற்றிக்கொண்டு வளைந்து போகும் பந்து) நல்லதாக ஒன்று வாங்க 800 ரிங்கிட்டுக்கு மேல், விரல் துளை போடத் தனியாக. வளரும் பிள்ளைக்குக் கை பெரிதாகும், கட்டைவிரலுக்கும் மற்ற இரண்டு விரல்களுக்கும் நடுவில் உள்ள தூரம் மாறும், உடனே பழைய துளையை அடைத்துப் புதிதாகப் போட வேண்டும், அப்புறம் எடையும் 11 பவுண்டிலிருந்து 12, 13 என்று ஏறும். அது மட்டுமில்லை, எடை குறைந்த பந்துகளில் பல மாடல்களுக்குள் விளம்பரத்தில் காட்டும் அதே கோர் (பந்தின் நடுவில் உள்ள எடைக்கட்டி) இருக்காது, சாதாரண கோர்தான். விலை மட்டும் அதேதான்! சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இரண்டாவது ரியாக்டிவ் பால் வாங்கச் சொன்னார்கள், அதுவும் அவர்களுக்குத் தெரிந்த கடையிலேயே. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகும் பேச்சு அடிக்கடி அங்கேதான் போகிறது, எனக்கு அது பிடிக்கவில்லை.

சரி, நல்லது என்ன? வாரத்தில் ஒரு நாள் லேனில் ஸ்போர்ட் பேட்டர்ன், அதாவது போட்டிகளில் பூசும் முறையில், எண்ணெய் போட்டுத் தருகிறார்கள். சாதாரணமாக ஆடப் போகிறவர்களுக்கு லேன் நடுவில் எண்ணெய் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் இருக்கும், பந்து கொஞ்சம் தவறினாலும் அதுவே பாக்கெட்டுக்கு (எல்லாப் பின்னும் விழ வாய்ப்புள்ள, முன்பின்களுக்கு நடுவிலான இடம்) இழுத்துக்கொண்டு வரும். ஸ்போர்ட் பேட்டர்னில் அந்த வித்தியாசம் மிகக் குறைவு, ஒரு போர்டு (லேனில் உள்ள ஒரு மெல்லிய பலகை அகலம்) தவறினாலும் தெரிந்துவிடும். பேரங்காடி லேனில் 180 புள்ளி அடிக்கிற பிள்ளை இங்கே 140க்குத் திணறும். போட்டிக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் இல்லாமல் ஆகாது, இதை வெளியில் தனியாக ஏற்பாடு செய்வதும் சுலபமில்லை.

இன்னொன்று ஸ்பேர் பயிற்சி, அதாவது முதல் எறிதலில் மீந்த பின்களை இரண்டாவதில் வீழ்த்துவது. கோச் 10வது பின், 7வது பின் (கடைசி வரிசையின் இரு ஓரங்களில் நிற்பவை) என்று ஒன்றை மட்டும் நிறுத்தி அரை மணி நேரம் அடிக்க வைக்கிறார், பிள்ளைகளுக்குச் சலிப்புதான், ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஒரு ஸ்ட்ரைக் (முதல் எறிதலிலேயே பத்தும் விழுவது) கூட இல்லாமல், ஒவ்வொரு முறையும் ஒன்பது விழுந்து மீதி ஒன்றை எடுத்தாலே 190 புள்ளி வரும். அதற்குத் தேவை நேராகப் போகும் ஒரு பிளாஸ்டிக் பந்து, விலையும் மற்றதைவிட ரொம்பக் குறைவு. என் மகளின் சராசரி ஏறியது இதில்தான், பந்து மாற்றியதால் இல்லை.

சனிக்கிழமை கூட்டம்தான் பெரிய குறை. ஒரு லேனுக்கு ஐந்தாறு பிள்ளைகள், ஒரே கோச். ஒருத்தி எறிந்துவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருக்கும் நேரத்தில் முதலில் சொன்னதையே மறந்துவிடுகிறாள். இந்த நாளுக்கும் அதே கட்டணம் வாங்குவது சரியில்லை. வார நாள் வகுப்பில் நான்கு பேருக்கு மேல் இருப்பதில்லை, கோச் கைப்பேசியில் வீடியோ எடுத்து அங்கேயே காட்டுகிறார், வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

மலேசியப் பவுலிங் வீராங்கனை ஷாலின் ஸுல்கிஃப்லி 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற நாளிலிருந்து இந்த நாட்டுப் பெற்றோருக்குப் பவுலிங் மேல் ஒரு நம்பிக்கை உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் ஹாங்சோ ஆசியப் போட்டியில் பவுலிங்கே இல்லை, ஒலிம்பிக்கில் 1988 சோலில் காட்சி ஆட்டமாக வந்ததோடு சரி. ஆகவே யாராவது பின்னால் செலவை ஏற்பார்கள் என்று நினைத்துச் சேர்க்காதீர்கள், மாதம் 600, 700 ரிங்கிட் சொந்தக் கையிலிருந்து போகும், போட்டி நுழைவுக் கட்டணமும் பயணமும் அதற்கு மேல்.

ஏற்கெனவே ஒழுங்காக நாலு அடி வைத்துப் பந்தை விடத் தெரிந்த பிள்ளைக்கு இந்த ஸ்குவாடைத் தாராளமாகச் சொல்வேன், வார நாள் வகுப்பு கிடைத்தால் மட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வேண்டாம், அவர்கள் முதலில் தனி கோச்சிடம் சில மாதம் அடிப்படையைப் படித்துவிட்டு வரட்டும்.