ஆறு வார ஸூம் வகுப்பு, 4,500 ரூபாய்: தகுமா?

ஆசிய அமெரிக்கர்களின் மதங்களும் புதிய மத இயக்கங்களும் என்று சனிக்கிழமை இரவுகளில் நடந்த வகுப்பு. நடத்தியவர்கள் கொழும்பில், பெயர் வேண்டாம். ஹட்டனுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் மழை பிடித்தால் சிக்னல் போச்சு, அதனால் பாதியைப் பதிவில்தான் பார்த்தேன், மூன்றாம் வாரப் பதிவு இன்னும் வரவில்லை.

முதல் இரண்டு வகுப்பும் சுமார். 1893 சிகாகோ சர்வமத மாநாடு, விவேகானந்தர், நம்ம நாட்டுப் பௌத்தர் அநகாரிக தர்மபால, எல்லாம் பள்ளிக்கூடத்தில் கேட்டதுதான். புதிதாகக் கிடைத்தது அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்துக் கணக்கு: ஆசிய அமெரிக்கர்களில் கிறிஸ்தவர்கள் 2012இல் 42 வீதம், 2023இல் 34, எந்த மதமும் இல்லை என்பவர்கள் 26இலிருந்து 32. இந்துக்களும் பௌத்தர்களும் தலா 11தானாம். நான் என்னமோ அங்கே எல்லாரும் புத்தரும் பிள்ளையாருமாக இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

நான்காம் வகுப்பு வேற மாதிரி. பாவா முகையதீன், இலங்கையிலிருந்து 1971இல் பிலடெல்பியா போய், 1986இல் இறக்கும்வரை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே பேசிய சூஃபி. அவர் குரல் ஒலிநாடாவைப் போட்டார்கள். தேத்தண்ணியோடு வந்த அப்பாயி அப்படியே நின்றுவிட்டது.

"யாருய்யா அது, நம்ம ஆளு மாதிரி பேசுறாரு?"

"அமெரிக்காவுல பேசுனது அப்பாயி."

நம்பவில்லை. ஆனால் தேத்தண்ணி ஆறும்வரை கேட்டது, ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோதெல்லாம் "அந்தாளப் பேச விடேன்" என்று போனைத் திட்டியது.

இனி வயிற்றெரிச்சல். 1969இல் வுட்ஸ்டொக் இசைவிழாவைத் தொடக்கி வைத்த சச்சிதானந்தரை 'இந்திய யோகி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழர், 1966இல் நியூயோர்க் போகும் முன் நம்ம கண்டியில் ஆசிரமம் நடத்தியவர்! சாட்டில் எழுதிக் கேட்டேன், நேரமில்லை என்றார் வகுப்பெடுத்த சேர். ஒருங்கிணைப்புத் திருச்சபை (Unification Church) தொடங்கிய கொரியாவின் மூன், ஹரே கிருஷ்ணா எல்லாவற்றுக்கும் சேர்த்தே இருபது நிமிடம்தான், ஒரு கூட்டத்தை எப்போது மதம் என்கிறோம், எப்போது 'கல்ட்' என்று ஒதுக்குகிறோம் என்பதைத் தொடவே இல்லை. நான் சேர்ந்ததே அதற்குத்தான். வியாழன் சாயி பஜனைக்கும் ஞாயிறு ஜெபக்கூட்டத்துக்கும் போய், திருவிழாவுக்கு மாரியம்மனுக்குக் கரகமும் எடுக்கிற வீடு எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே இருக்கிறது, அவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது?

குறிப்புகள் போனில் எடுத்த படங்கள், பாதி மங்கல். முழுதாக 4,500க்குத் தகாது. நான்காம் வகுப்பை மட்டும் தனியாக விற்றால், சரி, ஆயிரம் ரூபாய் கொடுத்து இன்னொரு தடவை வாங்குவேன், அப்பாயி கேட்டுக்கொண்டே இருக்கிறது.