ஏழு வருடங்களில் மூன்று சூட்டுத்தளங்கள்: மட்டக்களப்பிலிருந்து போய்வரும் ஒருத்தியின் அனுபவம்

2018 ஆம் ஆண்டு கொழும்புக்கு இடமாற்றமாகிப் போயிருந்தபோது, அலுவலகத் தோழி ஒருவர் கூட்டிச் சென்றதால் 10 மீற்றர் எயார் ரைபிள் சுடுதலை முதன்முதலாக அருகில் நின்று பார்த்தேன். இரண்டு வருடங்களில் கல்லடிக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் சுடுவதை விடவில்லை. இப்போதும் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு மீனகயா புகையிரதத்தில் ஏறி, விடிவதற்கு முன் கொழும்புக் கோட்டையில் இறங்கி, பேருந்து பிடித்துத் தளத்துக்குப் போகிறேன். இதுவரை மூன்று இடங்களில் உறுப்பினராக இருந்திருக்கிறேன். கல்முனையிலிருந்தும் களுவாஞ்சிகுடியிலிருந்தும் தங்கள் பிள்ளைகளைச் சேர்க்க விரும்பும் சிலர், எப்படிப்பட்ட இடத்தைத் தெரிவுசெய்வது என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இடங்களின் பெயரைச் சொல்லாமல், அங்கே நான் கண்டதையும் அதிலிருந்து எதைப் பார்த்துத் தெரிவுசெய்யக் கற்றேன் என்பதையும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் இந்த விளையாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே 'துவக்கு' என்ற சொல் குறுக்கே வந்து நிற்கும். நான் சொன்ன அன்று அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார். “துவக்கெண்டா வேணாம் புள்ள, நாங்க கண்டது காணும்” என்றார். சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, “அது ஆருக்கு நேரே நிக்கும்?” என்று கேட்டார். சுடும்போது எங்கே குறிவைப்பாய் என்று அவர் கேட்கவில்லை; மற்ற நேரமெல்லாம் அது யாரைப் பார்த்து நிற்கும் என்றுதான் கேட்டார். ஒரு சூட்டுத்தளத்தை எடைபோட இதைவிட நல்ல கேள்வியை இத்தனை வருடங்களில் எந்தப் பயிற்றுநரிடமிருந்தும் நான் கேட்கவில்லை.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அழுத்தப்பட்ட காற்றால் 4.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஈயப் பெலட் ஒன்று 10 மீற்றர் தொலைவிலுள்ள அட்டைக்குப் போகிறது. அட்டையின் நடுவிலுள்ள பத்தாம் புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீற்றர், அதாவது பெலட்டைவிடச் சிறியது. ரைபிளின் நிறை 5.5 கிலோகிராமுக்கு மேற்படக் கூடாது. போட்டியில் 75 நிமிடங்களுக்குள் 60 முறை சுட வேண்டும். குறிபார்க்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையில் முக்கால் மீற்றர் அளவு இருக்கும் துப்பாக்கியில், கண்முன்னே குறி ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு பிசகினால் அட்டையில் ஒரு மில்லிமீற்றருக்கும் மேல் பிசகும். ஆகவே பெரும்பகுதி நேரம் அசையாமல் நிற்பதிலும் மூச்சை அடக்குவதிலுமே கழிகிறது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் மங்கள சமரகோனும், 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெலவும் இலங்கைக்காக ரைபிள் பிரிவுகளில் சுட்டார்கள் என்பதை எங்கள் பக்கத்தில் பலர் அறியமாட்டார்கள்.

முதலாவது இடம் அன்பான இடம். போன பத்தாவது நிமிடத்திலேயே ரைபிளைக் கையில் தந்தார்கள். எனக்கும் அன்று அது பெரிய மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஏழு மாதங்கள் அங்கே சுட்டேன். ஒருநாள் பக்கத்து வரிசையில் நின்றவர் பெலட் சிக்கிக்கொண்ட ரைபிளைத் தூக்கியபடியே பின்னால் திரும்பி, “இதைப் பாருங்கள்” என்றார். குழல்வாய் எங்கள் எல்லோரையும் கடந்து போனது. பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே வந்து சிக்கலை எடுத்துக் கொடுத்தார். வேறெவரும் சுடுவதைக்கூட நிறுத்தவில்லை. எயார் ரைபிள்தானே என்று அவர்கள் நினைத்திருக்கலாம். ஒரு கண்ணைப் பறிக்க அந்தப் பெலட் தாராளமாகப் போதும். அன்றிரவு அம்மாவுடன் தொலைபேசியில் பேசியபோது அவருடைய கேள்விக்கு என்னால் நேர்மையான பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் விலகிவிட்டேன்.

இரண்டாவது இடத்தில் கருவிகள் எல்லாம் உயர்தரமானவை. 10.9 வரை தசமத்தில் புள்ளி காட்டும் மின்னணு இலக்குகள், குளிரூட்டிய மண்டபம், புதிய ரைபிள்கள் எல்லாம் இருந்தன. 2019 ஏப்ரல் 21 இல் எங்கள் ஊர் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு பல மாதங்கள் நான் எந்தத் துப்பாக்கியையும் தொடவில்லை. அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் அங்கே போனபோதுதான் முன்பு கவனிக்காத இரண்டு விடயங்கள் கண்ணில் பட்டன. ரைபிளின் காற்று உருளைகளில் 200 பார் அளவுக்கு அழுத்தம் நிரப்புகிறார்கள். தயாரிப்பாளர்கள் அவற்றுக்குப் பொதுவாகப் பத்து வருட ஆயுள் குறித்து, அந்தத் திகதியை உருளையிலேயே பொறித்திருப்பார்கள். எனக்குத் தரப்பட்ட உருளையின் திகதி கடந்திருந்தது. கேட்டபோது, “அதெல்லாம் பார்க்கத் தேவையில்லை” என்றார்கள். அதே நாளில், பெலட் விழும் பெட்டிகளுக்குக் கீழே தும்புத்தடியால் உலர்வாகக் கூட்டினார்கள். சாம்பல் நிறத் தூசி எழும்பியது. இரண்டு அடி தள்ளி ஒரு சிறுமி கை கழுவாமல் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அது ஈயத் தூசி. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கருவுற்ற பெண்களுக்கும் ஆகாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டியதைக் கூட்டிப் பறக்கவிடும் இடத்தில் எவ்வளவு நல்ல இலக்குகள் இருந்தும் பயனில்லை. நீங்கள் புதிதாக ஓர் இடத்துக்குப் போனால், ரைபிள்களைப் பார்ப்பதற்கு முன் கைகழுவும் தொட்டியைப் பாருங்கள். அதில் சவர்க்காரம் இருக்கிறதா, அது ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது இடத்தில் 2021 முதல் இருக்கிறேன். முதல் நாள் ஒரு முறைகூடச் சுடவிடவில்லை. பொறுப்பாளர் சிங்களவர், தமிழ் கொஞ்சம்தான் பேசுவார். 'லோட்', 'ஸ்டார்ட்', 'ஸ்டொப்', 'அன்லோட்' என்ற நான்கு கட்டளைகளையும் விளக்கிவிட்டு, “இப்ப நீங்க சொல்லுங்க, தமிழில” என்றார். நான் சொல்லச் சொல்ல, 'நிறுத்து' என்ற சொல்லைச் சிங்கள எழுத்தில் ஓர் அட்டையில் எழுதித் தன் மேசையில் ஒட்டிக்கொண்டார். பதற்றமான நேரத்தில் மனிதர் காதில் தாய்மொழிதான் முதலில் விழும் என்பது அவருடைய விளக்கம். எங்கள் பிள்ளைகளில் பலர் சிங்களக் கட்டளையைக் கேட்டால் அரைக் கணம் யோசிப்பார்கள். துப்பாக்கி கையில் இருக்கும்போது அந்த அரைக் கணம் மிக நீண்டது. ஆகவே தமிழ்ப் பெற்றோர் எந்த இடத்துக்குப் போனாலும், கட்டளை பிள்ளைக்குப் புரிந்ததா என்பதை அவர்கள் எப்படி உறுதிசெய்கிறார்கள் என்று கேட்க வேண்டும். “போகப் போகப் பழகிவிடும்” என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடலாம்.

அங்கே சுடாத ரைபிள் ஒவ்வொன்றின் குழலுக்குள்ளும் செம்மஞ்சள் நைலோன் நூலொன்று ஓடுகிறது. அதன் ஒரு நுனி குழல்வாயில் எட்டிப் பார்க்கும், மறு நுனி பெலட் வைக்கும் வாயில் தொங்கும். நூல் இருபுறமும் தெரிந்தால் உள்ளே பெலட் இல்லை என்று ஐந்து மீற்றர் தள்ளி நிற்பவருக்கும் விளங்கும். ஒரு சனிக்கிழமை, பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தன் தாயிடம் ஏதோ சொல்ல ரைபிளோடு திரும்ப முயன்றான். 'ஸ்டொப்' என்ற ஒரே சொல்தான் கேட்டது. ஏழு பேரும் ரைபிளைக் கீழே வைத்தோம். பொறுப்பாளர் அதட்டவில்லை, உள்ளங்கையால் குழலை மெதுவாக இலக்குப் பக்கம் திருப்பி, அவனைக்கொண்டே பெலட்டை எடுப்பித்து, நூலைப் போடச் செய்து, பிறகுதான் பேசினார். அன்று முழுவதும் அவன் சுடவில்லை. பின்வரிசையில் இருந்து மற்றவர்களைப் பார்த்தான். அடுத்த வாரமும் வந்தான். முதலாவது இடத்தில் நடந்த அதே தவறுதான் இங்கும் நடந்தது.

என்னையும் ஒருநாள் நிறுத்தினார்கள். புகையிரதம் தாமதமாகி, தூக்கமில்லாமல் நேராகத் தளத்துக்குப் போயிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்று பெலட் இல்லாமல் நின்று பழகுங்கள் என்றார் பொறுப்பாளர். அவ்வளவு தூரம் வந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அவர் சொன்னது சரி. பணம் கட்டியவருக்கு 'இன்று வேண்டாம்' என்று சொல்லத் துணியும் இடத்தையே நான் நம்புகிறேன். 2022 இல் எரிபொருளும் பெலட்டும் தட்டுப்பாடாக இருந்தபோதும், ஆளுக்கு இத்தனை என்று எண்ணித் தந்து, மிச்ச நேரத்தில் நிற்கும் முறையையும் விசையை இழுக்கும் முறையையும் சீர்செய்தார்கள். என் புள்ளிகள் உண்மையில் ஏறியது அந்த வருடத்தில்தான்.

வீட்டில் நான் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் அனுமதிப்பத்திரமில்லாமல் சுடுகலன் வைத்திருப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது; படுவான்கரையில் பயிர்க்காவலுக்குத் துவக்கு வைத்திருக்கும் என் மாமாகூட அதற்குரிய பத்திரத்தை வருடந்தோறும் புதுப்பிக்கிறார். ஆகவே எந்தத் தளத்திலும் அவர்களுடைய பத்திரங்களைக் காட்டும்படி தயங்காமல் கேளுங்கள். ஒழுங்கான இடம் அதற்குக் கோபிக்காது. பெலட் டப்பாவையும் அங்கேயே விட்டுவிட்டுத்தான் புகையிரதம் ஏறுகிறேன். வீட்டுப் பயிற்சிக்கு ஆரையம்பதித் தச்சர் ஒருவர் ஐந்து கிலோ நிறையில் முதிரைப் பலகை ஒன்று செதுக்கித் தந்தார். துப்பாக்கி வடிவம் வேண்டாம், நேர்ப்பலகையாகவே இருக்கட்டும் என்று சொல்லிச் செய்வித்தேன். எங்கள் ஒழுங்கையில் அந்த வடிவத்தைப் பார்த்து நடுங்கக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தினமும் இருபது நிமிடங்கள் அதைத் தோளில் அணைத்து, சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளியைப் பார்த்து நிற்பேன்.

மூன்றாவது இடத்திலும் குறைகள் உண்டு. நான்காம் வரிசைக்கு மேலுள்ள விளக்கு மாதக்கணக்காக மினுங்குகிறது. அங்கே நின்றால் கண் விரைவில் களைத்துவிடும். இடதுகைக்காரருக்கு ஒரேயொரு ரைபிள்தான் இருக்கிறது. பெண்களுக்கான உடைமாற்றும் அறையில் பூட்டு இல்லை. இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். நேர அட்டவணை சிங்களத்தில் மட்டும் வருவதோடு, சில வேளை முதல்நாள்தான் மாறுகிறது. ஒருமுறை இரவு முழுக்கப் பயணம்செய்து போய்ப் பூட்டிய கதவின் முன் நின்றிருக்கிறேன். அதன் பிறகு வியாழன் பிற்பகல் அழைத்து, சனிக்கிழமை தளம் திறக்கும் என்று பொறுப்பாளரின் வாயாலேயே கேட்ட பின்புதான் பையைக் கட்டுகிறேன்.