ரிசீவருக்கு மார்க் போடும் தளம்: ஒரு சீசன் சந்தா கட்டிப் பார்த்ததில்

அமெரிக்க ஃபுட்பாலுக்கு அட்வான்ஸ்டு புள்ளிவிவரம் தரும் கட்டணத் தளம் ஒன்றுக்குப் போன சீசன் முழுக்கச் சந்தா கட்டியிருந்தேன். பெயர் வேண்டாம். நான் சேர்ந்ததே ரிசீவர்களின் (எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர்கள்) பக்கத்துக்காகத்தான். ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போட்டிருப்பார்கள், அதைக் காட்டி நண்பர்களிடம் சண்டை போடலாம் என்று நினைத்தேன். போட்டேன், பெரும்பாலும் தோற்றேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிரித்துப் பார்க்கும் வசதி அருமை. ஸ்லாட்டில் (ஓரத்துக்குச் சற்று உள்ளே) நின்றபோது எப்படி, ஓரத்தில் நின்றபோது எப்படி, மேன் கவரேஜில் (ஆளுக்கு ஆள் ஒட்டிக் காப்பது), ஸோன் கவரேஜில் (ஆளுக்கு ஒரு பகுதியைக் காப்பது) என்று எல்லாம் வரும். ஓடிய ரூட் (பந்து வாங்க ரிசீவர் ஓடும் பாதை) ஒன்றுக்கு எத்தனை யார்டு என்ற கணக்கும் உண்டு. பந்து வராத ரூட்டையும் சேர்த்து எண்ணுவதால் எனக்கு ஓரளவு நம்பிக்கை இருப்பது அதன்மேல் மட்டும்தான். போனில் அட்டவணை பாதிக்குமேல் தெரியாது, அது தனி எரிச்சல்.

கேட்ச் சதவீதம் இருக்கிறதே, அதை நம்பவே நம்பாதீர்கள். 2019-இல் மைக்கேல் தாமஸ் 185 டார்கெட்டில் (தன்னை நோக்கி எறியப்பட்ட பந்துகளில்) 149 பிடித்தார், 80 சதவீதத்துக்கு மேல். 2012-இல் கால்வின் ஜான்சன் 204-இல் 122, அறுபதைக்கூடத் தொடவில்லை. அப்படியென்றால் ஜான்சனுக்குக் கை ஓட்டையா? அந்த வருடம் 16 ஆட்டத்தில் அவர் எடுத்தது 1,964 யார்டு, 2021-இல் 17 ஆட்டம் ஆடிய கூப்பர் கப்புக்கே 1,947-தான் வந்தது. வேடிக்கை என்னவென்றால், ஜான்சனுக்கும் கப்புக்கும் அந்த சீசன்களில் பந்து எறிந்தவர் ஒரே ஆள், மேத்யூ ஸ்டாஃபர்ட். மார்க்கில் அவருடைய பங்கு எவ்வளவு என்று எந்தக் கட்டத்திலும் காணோம்.

அப்புறம் செபரேஷன் என்ற இடைவெளிக் கணக்கு. அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்-இன் நெக்ஸ்ட் ஜென் ஸ்டாட்ஸ் என்ற புள்ளிவிவர ஏற்பாட்டில் தோள் கவசத்துக்குள் இருக்கும் சிப் நொடிக்கு 10 முறை இடம் சொல்லும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ரிசீவருக்கும் பக்கத்து டிஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியை அளப்பது பந்து வந்து சேரும் நேரத்தில். பந்து எறியும் குவார்ட்டர்பேக் அரை நொடி தாமதித்தால் ரிசீவரைக் காக்கும் கார்னர்பேக் ஓடி வந்து ஒட்டிக்கொள்வார், கணக்கு ரிசீவர் தலையில் விழும். மைக் எவன்ஸ் மாதிரி ஒட்டி நிற்கும் ஆளின் தலைக்குமேல் எட்டிப் பறிப்பவருக்கு இந்த அளவுகோலே பொருந்தாது.

ஒரு நாள் சந்தேகம் வந்து, 22 பேரும் தெரிகிற ஆல்-22 வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது டவுன் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது), 8 யார்டு வேண்டும். ரிசீவர் வெளியே போவதுபோல் ஒரு தோள் அசைவு, கார்னர்பேக்கின் இடுப்பு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது, இவர் உள்ளே வெட்டி நடுவில் தன்னந்தனியாகக் கையைத் தூக்கி நிற்கிறார். குவார்ட்டர்பேக்கோ அடி விழும் பயத்தில் பக்கத்தில் நின்ற ரன்னிங்பேக்கிடம் (பந்தை ஏந்தி ஓடுபவர்) தள்ளிவிட்டார். தளத்தைத் திறந்தால் ரிசீவருக்கு டார்கெட் இல்லை, யார்டு இல்லை, செபரேஷன் கணக்கும் இல்லை. ரூட் மட்டும் ஒன்று கூடியிருந்தது, அதாவது நான் நம்பிய அந்த ஒரே எண்ணும் இறங்கிவிட்டது.

ஆனாலும் சந்தாவைப் புதுப்பித்திருக்கிறேன், பிரித்துப் பார்க்கும் அந்த வசதிக்காக மட்டும். மார்க் வரும் நெடுவரிசையை செட்டிங்ஸில் போய் மறைத்துவிட்டேன்.