சுடச்சுடப் போய்ச் சேர எந்தப் பெட்டி? தெர்மோகோல், பஃப், வெற்றிடக் குடுவை, ஹீட்டர்

ஒரே இடத்தில் சமைத்துப் பல இடங்களுக்கு அனுப்பும் வேலை நம் ஊரில் பெருகிக்கொண்டே போகிறது. அலுவலக மதியச் சாப்பாடு, ஹாஸ்டல் மெஸ், கல்யாண கேட்டரிங் எல்லாம் அப்படித்தான். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்திலும், நகரப் பள்ளிகள் பலவற்றுக்கு உப்புமாவும் பொங்கலும் பொதுச் சமையல் கூடத்திலிருந்து வண்டியில்தான் போகின்றன. அடுப்பிலிருந்து பதமாக இறக்கிய சாப்பாடு வழியில் ஆறிப்போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பெட்டி வாங்கும்போதோ செய்யும்போதோ கொஞ்சம் கணக்குப் போட்டால் இதைத் தவிர்க்கலாம்.

மனதில் வைக்க வேண்டிய எண் 60 டிகிரி செல்சியஸ். சூடாகப் பரிமாற வேண்டிய உணவு அதற்குக் கீழே இறங்கக் கூடாது. சோற்றில் இது இன்னும் முக்கியம். அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். அதில் வாந்தியை வரவழைக்கும் நச்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது.

ஒப்பிடுவதற்கு எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவு வைத்துக்கொள்வோம். உள்ளே 20 கிலோ சாம்பார், சுற்றுப்பரப்பு 1 சதுர மீட்டர், சுவரின் கனம் 4 சென்டிமீட்டர், உள்ளே 80 டிகிரி, வெளியே 32.

தெர்மோகோல் சுவர் வழியாக ஏறக்குறைய 42 வாட் வெப்பம் வெளியேறும். பாலியூரித்தேன் நுரை, அதாவது கடைக்காரர்கள் சொல்லும் பஃப், 29 வாட் விடும். 20 கிலோ சாம்பார் ஒரு டிகிரி இறங்க ஏறக்குறைய 80 கிலோஜூல் வெளியேற வேண்டும். ஆக தெர்மோகோலில் மணிக்கு 2 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, பஃப்பில் 1.3 டிகிரி. இரண்டுமே தாராளமாகப் போதும்! அப்புறம் ஏன் சாப்பாடு ஆறிப்போய்ச் சேருகிறது?

ஏனென்றால் வெப்பம் சுவர் வழியாக மட்டும் போவதில்லை. எவர்சில்வர் ஹாட் பாக்ஸ் ஒன்றின் வாய் ஓரத்தைப் பாருங்கள். உள் தகடும் வெளித் தகடும் அங்கே வளைந்து ஒன்றாகச் சேர்ந்திருக்கும். 0.8 மில்லிமீட்டர் தகடுதானே என்று தோன்றும். ஆனால் எவர்சில்வர் நுரையைவிட 600 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். 1.2 மீட்டர் சுற்றளவுள்ள வாய் என்றால் அந்த ஓரத்தில் மட்டும் 17 வாட் ஓடிவிடும், மொத்த பஃப் சுவரும் விடுவதில் பாதிக்கு மேல். இரண்டு தகடுகளும் தொடாமல், நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்துப் பிரித்த பெட்டியைத் தேடி வாங்குங்கள். சொந்தமாகச் செய்பவர்கள் தெர்மோகோலின் உள்ளே ஒட்டிய அலுமினியத் தாளை விளிம்பைத் தாண்டி வெளியே மடித்துவிடுகிறார்கள். அங்கும் இதே கோளாறுதான். தாள் உள்ளோடு நிற்கட்டும்.

அடுத்தது மூடி. ரப்பர் வளையம் தேய்ந்த மூடியின் இடுக்கில் ஆவி கசிந்தால் அதுதான் பெரிய இழப்பு. ஒரு கிராம் ஆவி 2.3 கிலோஜூலைத் தூக்கிக்கொண்டு போகும். 100 கிராம் ஆவி போனால், நம் 20 கிலோ சாம்பாரில் கிட்டத்தட்ட 3 டிகிரி போச்சு.

தெர்மோகோலுக்கு வேறொரு குறை. 80 டிகிரிக்குப் பக்கத்திலேயே அது தளர ஆரம்பிக்கும், கொதிக்கக் கொதிக்க இறக்கிய குண்டானை அதன்மேல் வைத்தால் சுருங்கிப் பள்ளம் விழும். அதைக் கழுவவும் முடியாது, ஓட்டையில் எண்ணெய் ஏறினால் வாடை போகாது. ஒருநாள் விசேஷத்துக்குச் சரி. தினமும் வண்டி ஏறும் வேலைக்கு வேண்டாம்.

பஃப் பெட்டியிலும் எவர்சில்வரா பிளாஸ்டிக்கா என்ற கேள்வி உண்டு. பிளாஸ்டிக்கில் விளிம்பு இழப்பு இல்லை, எடை குறைவு, அடிபட்டாலும் தாங்கும். ஆனால் உள் சுவர் தடிமனாக இருப்பதால் பெட்டி சில்லென்றிருந்தால் சாப்பாட்டின் சூட்டை முதலில் அதுவே குடித்துவிடும். 3 கிலோ பிளாஸ்டிக் 50 டிகிரி ஏற ஏறக்குறைய 300 கிலோஜூல் வேண்டும். 10 கிலோ சாம்பாரை ஊற்றினால் மூடும்போதே 7 டிகிரி காணாமல் போயிருக்கும். 5 கிலோ எவர்சில்வர் உள் தகடு என்றால் 3 டிகிரிதான். இதற்கு மருந்து செலவில்லாதது. சாப்பாடு போடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் கொதிநீரை ஊற்றி மூடி வைத்து, பிறகு கொட்டிவிடுங்கள். பாதி சமையல் கூடங்களில் இதைச் செய்யவே நேரம் ஒதுக்குவதில்லை. ஹீட்டருக்குப் பணம் செலவழிக்கும் முன்னால் தயவுசெய்து இதைச் செய்து பாருங்கள்.

வெற்றிடக் குடுவை, அதாவது ஃபிளாஸ்க், பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. காபி, பால், ரசத்துக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. சோறு அள்ள வாய் போதாது, பெரிய அளவில் விலை எட்டாது, ஒரு இடத்தில் பலமாக நெளிந்தால் வெற்றிடம் போகும் ஆபத்து உண்டு. கொதிநீர் ஊற்றிய பிறகு வெளிப்புற உடல் சுடுகிறதென்றால் அது இனி வெறும் இரட்டைச் சுவர்ப் பாத்திரம்தான்.

சரி, ஹீட்டர். இங்கேதான் பலருக்கும் தவறான எதிர்பார்ப்பு. சுவரும் வாய் ஓரமும் சேர்த்து இழப்பு 45 முதல் 60 வாட் என்றால் 60 வாட் ஹீட்டர் அதை ஈடுகட்டும், அவ்வளவுதான். 55 டிகிரிக்கு இறங்கிவிட்ட 20 கிலோ சாப்பாட்டை 75க்கு ஏற்ற அதற்கு 7 மணி நேரம் போல ஆகும், அதுவும் இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால். அதற்குள் சாப்பாடு கெட்டிருக்கும். ஹீட்டர் சூட்டைக் காக்கும், கொண்டுவராது.

அடியில் மட்டும் வைத்தால் சோறு காய்ந்து அடிப்பிடிக்கும். பக்கங்களிலும் மூடியிலும் வைப்பதே நல்லது. மூடியைச் சாப்பாட்டைவிடக் கொஞ்சம் சூடாக வைத்தால் அதில் ஆவி படிந்து நீராகச் சொட்டாது. இட்லி நசநசவென்று ஆகாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. துணி போடுவதும் உதவும், ஆனால் இதன் அளவுக்கு இல்லை. ஹீட்டரின் பெரிய லாபமே இதுதான் என்பேன்.

மின்சாரம் எங்கிருந்து? வேனில் 12 வோல்ட் சாக்கெட்டில் 60 வாட் எடுக்க 5 ஆம்பியர் போதும், சிக்கல் இல்லை. இருசக்கர வண்டியில் தனி பேட்டரி வேண்டும். 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி 256 வாட்-அவர் தரும், 60 வாட்டுக்கு 4 மணி நேரம். பேட்டரியைச் சூட்டறைக்குள் வைக்கவே கூடாது. சூட்டைப் பார்த்து ஹீட்டரை அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட் அணைக்காமல் ஒட்டிக்கொண்டால் நிறுத்த, அதனோடு சேராத ஒரு வெப்ப ஃபியூஸும் கட்டாயம். தன் சூட்டைத் தானே மட்டுப்படுத்தும் பிடிசி வகை ஹீட்டர் கிடைத்தால் அதையே எடுங்கள். ஹீட்டர் சுருளில் வரும் நிக்ரோம் கம்பியை வெறுமனே நுரைக்குப் பக்கத்தில் ஓட்டாதீர்கள்.

ஹீட்டருக்கு ஒரு எளிய போட்டியாளர் உண்டு: கொதிநீர்ப் பாட்டில். ஒரு லிட்டர் நீர் 95லிருந்து 65க்கு இறங்கும்போது 126 கிலோஜூல் தரும். 69 டிகிரியில் உருகும், மெழுகு போன்ற ஸ்டியரிக் அமிலத்தைத் தகட்டில் அடைத்து உருக்கி வைத்தால், அது மறுபடி உறையும்போது கிலோவுக்கு 200 கிலோஜூல் போலக் கிடைக்கும், அதுவும் அந்த 69 டிகிரியிலேயே பிடித்துவைத்துத் தரும். பாதி காலியான பெட்டிக்கு இது ரொம்பவே உதவும்.

ஆகவே என் தேர்வு இப்படி. பெட்டி நிறையச் சாப்பாடு, 3 மணி நேரத்துக்குள் பயணம் என்றால் முன்சூடேற்றிய பஃப் பெட்டி போதும், ஹீட்டர் வீண் செலவு. நாலைந்து இடத்தில் இறக்குவதானால் ஒரு பெரிய பெட்டியைத் திரும்பத் திரும்பத் திறக்காமல் இடத்துக்கு ஒரு சிறு பெட்டி கட்டுங்கள், தேவைப்பட்டால் ஒவ்வொன்றிலும் ஒரு கொதிநீர்ப் பாட்டில். இட்லி, இடியாப்பம், வரிசையில் நின்று ஒரு மணி நேரம் பரிமாறும் இடம் என்றால் மூடியில் ஹீட்டர் வைத்த பெட்டி. வடையையும் பூரியையும் எந்தப் பெட்டியாலும் மொறுமொறுப்பாகக் காக்க முடியாது, அங்கே போய்ப் பொரிப்பதுதான் நல்லது.

வாங்கும் முன் கடைக்காரர் சொல்லும் மணிக்கணக்கை நம்ப வேண்டியதில்லை. பெட்டியைக் கொதிநீரால் முன்சூடேற்றுங்கள். பிறகு 20 லிட்டர் கொதிநீர் ஊற்றி மூடி, கால் மணி கழித்து ஒரு முறையும் அதிலிருந்து 2 மணி நேரம் கழித்து ஒரு முறையும் வெப்பமானியால் அளந்து பாருங்கள். மணிக்கு ஒரு டிகிரி இறக்கம் என்றால் 23 வாட் இழப்பு. மணிக்கு இரண்டு டிகிரிக்கு மேல் இறங்கினால் முதலில் மூடியின் ரப்பரைப் பாருங்கள்.