மலையக ஈரத்தில் தேயிலைத்தூளைப் பேணுதல்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் தேயிலைத்தூளைக் கிலோக் கணக்கில் வாங்கி வைப்பதே வழக்கம். பல ஆண்டுகள் அவ்வாறு வைத்துக் குடித்ததில், இங்கே தூளைக் கெடுப்பவை அதன் வயதைவிட ஈரக்காற்றும் அடுப்படி வாசனைகளுமே என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

தொழிற்சாலையில் உலர்த்தி எடுக்கும்போது தூளில் ஏறக்குறைய 3 சதவீத ஈரமே எஞ்சியிருக்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கி, மூடுபனி சன்னல் வழியே வீட்டுக்குள் நுழையும் மாதங்களில், வாய் திறந்த பொதியிலுள்ள தூள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. பி.ஓ.பி. (புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ) எனும் சிறு இலைத்துண்டுத் தரத் தூளை விரல்களிடையே நசுக்கினால் மொறுமொறுவென்று நொறுங்க வேண்டும். நொறுங்காமல் நெகிழ்ந்தால் ஈரம் ஏறிவிட்டது. அத்தகைய தூளிலும் சாயம் இறங்கும், ஆனால் மணம் இராது. வெயிலில் காயவைத்தாலும் அது திரும்புவதில்லை. பூஞ்சண வாடை வந்துவிட்டால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

ஈரத்துக்கு அஞ்சி அடுப்புக்கு மேலுள்ள தட்டில் வைப்போர் எங்கள் பக்கத்தில் பலர். அங்கே வெப்பம் மணத்தைப் போக்குவதோடு, விறகுப் புகையும் தூளில் ஏறிவிடுகிறது. அருகிலிருக்கும் எந்த மணத்தையும் தேயிலை ஏற்றுக்கொள்ளும். மல்லிகைத் தேநீர் உருவாவதே இந்த இயல்பால்தான். மிளகாய்த்தூள் இருந்த பிளாஸ்டிக் போத்தலை எத்தனை முறை கழுவினாலும் அது தேயிலைக்கு உதவாது. குளிர்சாதனப்பெட்டியும் வேண்டாம்: வெளியே எடுத்துத் திறந்தவுடன் குளிர்ந்த தூளின்மீது காற்றின் ஈரம் படிந்துவிடும்.

ஹட்டனை உள்ளடக்கிய திம்புள்ளைப் பகுதித் தேயிலைக்கு நல்ல பருவமான ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட காலத்தில் வாங்கி, வெயிலுள்ள நாளிலேயே 250 கிராம் வீதம் பிரித்து, உட்புறம் அலுமினியத்தாள் ஒட்டிய உறைகளில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, இறுக்கமான மூடியுள்ள தகர டின்னில் அடுக்கி, அடுப்பிலிருந்து தள்ளியுள்ள இருண்ட அலுமாரியில் வைப்பதே எங்களுக்குப் பொருந்திய முறை. திறக்காத உறை ஓராண்டுக்குப் பின்னும் நன்றாகவே இருக்கிறது. திறந்ததை மழைக்காலத்தில் இரண்டு மாதங்களுக்குள் முடிப்பது நல்லது. டஸ்ட், பி.ஓ.பி.எஃப். போன்ற நுண்ணிய தரங்களில் காற்றுப் படும் பரப்பு மிகுதி என்பதால் அவற்றை இன்னும் சிறிய உறைகளாகப் பிரிக்கலாம். இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலையின் தனித்த நறுமணம் மிக விரைவில் மங்குவதாகவே எனக்குத் தோன்றுகிறது. அதை மொத்தமாக வாங்கி வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கொதிக்கும் கேத்தலுக்கு அருகில் டின்னைத் திறக்க வேண்டாம்; கரண்டியும் உலர்ந்திருக்க வேண்டும். புதிய தூளை நிரப்புமுன் அடியில் தங்கிய பழைய தூளைத் தட்டிவிட்டு, டின்னை உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.